கழகம் விடுவித்த பிள்ளை

'விடுவிப்பு' என்பது நமக்கு நல்ல சொல். தடுப்பில் இருந்தவரை விடுவித்தார்கள், ஈட்டில் இருந்த காணியை விடுவித்தார்கள் என்றால் வீட்டுக்கு ஆறுதல். உதைபந்தாட்டத்தில் மட்டும் அது தலைகீழ். ஒரு கழகம் ஓர் இளைஞனை விடுவிக்கிறது என்றால், உன்னுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம், இனி இங்கே உனக்கு இடமில்லை என்று பொருள். நம் ஊர்ப் பையன்கள் இதைச் சுற்றி வளைக்காமல் 'கழற்றி விட்டாங்க' என்பார்கள். நடப்பதைச் சரியாகச் சொல்வது அவர்களுடைய சொல்தான்.

பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையில் உதைபந்தாட்டம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கழற்றிவிடப்பட்ட பையன் திரும்பி வருவது ஒரு வீட்டுக்கு. அங்கே ஓர் உம்மா இருப்பார், ஒரு தாத்தாவோ தங்கச்சியோ இருப்பார். எங்கள் வீட்டில் அந்தத் தங்கச்சி நான்.

என்னுடைய நானாவும் அவருடைய கூட்டாளி ஒருவரும் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மைதானத்தில் சேர்ந்து விளையாடி வளர்ந்தவர்கள். மைதானம் என்று சொல்கிறேனே தவிர, தேயிலை மலைக்கு நடுவில் சமனாகக் கிடைத்த ஒரு துண்டு நிலம் அது. பந்து ஓரம் தாண்டினால் மூன்று நிரை தேயிலை கடந்து கீழே போய் எடுத்து வரவேண்டும். ஒருநாள் இரண்டு பேருக்கும் கொழும்புக் கழகமொன்றின் தெரிவுப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. முதல் சுற்றில் இருவரும் தேறினார்கள். இரண்டாம் சுற்றுக்குக் கூட்டாளி போகவில்லை. அவருடைய அம்மா கொழுந்து பறிப்பவர். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா. போய்வர பஸ் காசு, இரண்டு நாள் தங்கும் செலவு, கிழிந்துபோன சப்பாத்துக்குப் பதிலாக இன்னொன்று என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். நானா போனார். சாதாரணதரப் பரீட்சையில் கணிதம் தவறியிருந்தது. அடுத்த முறை எழுதலாம் என்று வாப்பா விட்டுவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து ஓர் இரவு பஸ்ஸில் நானா பதுளைக்கு வந்து இறங்கினார். அடுத்த பருவகாலத்துக்கு அவர் தேவையில்லை என்று கைத்தொலைபேசியில் இரண்டு வரிச் செய்தி வந்திருந்ததாம். எந்தக் கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. உலகத்தில் எல்லாக் கழகங்களும் இதைச் செய்கின்றன. எப்படிச் செய்கின்றன, அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன வழி வைத்திருக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அதைத் தேடி வாசிக்கத் தொடங்கியபோதுதான் விமல் யோகநாதனைப் பற்றி அறிந்துகொண்டேன்.

விமல் 2006 ஜனவரி 13 இல் பிறந்தவர். குடும்பம் இலங்கைத் தமிழ்க் குடும்பம். ஊர், வட வேல்ஸில் ட்ரெலோனிட் என்ற சிறு கிராமம். சிறுவயதில் அவர் பயிற்சி பெற்றது லிவர்பூல் கழகத்தின் இளையோர் பிரிவில். லிவர்பூல் என்றால் உலகத்தின் எந்த மூலையிலும் அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்ட ஒரு பையனாவது இருப்பான். பதுளை பஸ் நிலையத்திலும் இருப்பான். ஆனால் அங்கே விமலின் பாதை நீளவில்லை. 2022 இல் அவர் பார்ன்ஸ்லிக் கழகத்துக்குப் போனார். பார்ன்ஸ்லி, நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்து, அவை மூடப்பட்ட பின் தள்ளாடிய நகரம். கழகமும் அந்த வருடம்தான் இரண்டாம் நிலைப் பிரிவிலிருந்து மூன்றாம் நிலைக்கு இறங்கியிருந்தது. லிவர்பூலில் இருந்து பார்த்தால் அது பெரிய இறக்கம். ஆனால் அடுத்த வருடமே, 2023 ஆகஸ்டில், ட்ரன்மியர் ரோவர்ஸுக்கு எதிரான லீக் கிண்ணப் போட்டியில் பார்ன்ஸ்லியின் முதல் அணிக்காக அவர் களம் இறங்கினார். வயது 17. இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதல் தமிழர் என்று செய்திகள் எழுதின.

லிவர்பூலிலேயே தொங்கிக்கொண்டு இருந்திருந்தால் 17 வயதில் முதல் அணிச் சட்டை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். பெரிய கழகத்தில் உள்ள இடங்கள் மிகக் குறைவு. சிறிய கழகத்துக்கு இளைஞர்கள் தேவை. இந்த எளிய உண்மையை, மகனுடைய சட்டையில் உள்ள சின்னத்தைப் பார்த்துப் பெருமைப்படும் பெற்றோர் பலர் காண்பதில்லை.

இங்கிலாந்தில் இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் விளக்கவேண்டும். அங்கே எட்டு, ஒன்பது வயதிலேயே பிள்ளைகளைக் கழகங்கள் தங்கள் இளையோர் பிரிவில் பதிவுசெய்து விடுகின்றன. பள்ளிக்கூடம் முடிந்து பின்னேரங்களில் பயிற்சி, வாரக் கடைசியில் போட்டி. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். 16 வயது பெரிய சந்தி. அதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வருட உதவித்தொகைப் பயிற்சி; மாதம் ஒரு சிறு தொகை கையில் கிடைக்கும். 18 வயது அடுத்த சந்தி. அங்கேதான் தொழில்முறை ஒப்பந்தம் தருவார்கள், அல்லது கைகொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒப்பந்தங்கள் ஜூன் 30 உடன் முடிவதால், வருடா வருடம் ஏப்ரல், மே மாதங்கள் வந்தால் அந்த வீடுகளில் ஒரே பதற்றம். நமக்குப் பரீட்சைப் பெறுபேறு வரும் வாரம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம், இங்கே மீள எழுத முடியாது.

கழற்றி விடுவதற்குத் திறமைக் குறைவு ஒன்றே காரணம் என்று நினைத்தால் தவறு. பல நேரங்களில் அதற்கும் பிள்ளைக்கும் சம்பந்தமே இருக்காது. 2016 இல் பிரென்ட்ஃபோர்ட் கழகம் செலவைக் கணக்குப் பார்த்துத் தன் இளையோர் பிரிவை முழுதாக மூடியது. அங்கிருந்த பையன்கள் அத்தனை பேரும் ஒரே முடிவில் வெளியே வந்தார்கள். 2019 ஆகஸ்டில் பரி என்ற பழைய கழகம் பணநெருக்கடியால் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. அதிலிருந்த சிறுவர்கள் என்ன பிழை செய்தார்கள்?

பிறந்த மாதம்கூட ஒரு காரணம். இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டெம்பர் 1 இல் தொடங்குகிறது. ஒரே பிரிவில் செப்டெம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் நிற்பார்கள். பத்து வயதில் பதினொரு மாதம் என்பது உயரத்திலும் பலத்திலும் பெரிய இடைவெளி. அதனால் கழகங்களின் இளையோர் பிரிவுகளில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே கூடுதலாக இருக்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பிந்தி வளரும் பிள்ளையைச் 'சின்னவன்' என்று தள்ளிவிடுவார்கள். இரண்டு வருடத்தில் அவன் மற்றவர்களை எட்டிப் பிடிப்பதைப் பார்க்க அங்கே யாரும் காத்திருப்பதில்லை. ஆகவே 'உங்கள் மகன் தகுதியில்லை' என்று கழகம் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'எங்களுடைய இன்றைய கணக்கில் அவன் இல்லை' என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றல்ல என்று பையனுக்கு எடுத்துச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

ஏனென்றால் அவனுக்கு அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். எட்டு வயதிலிருந்து 'நீ யார்?' என்ற கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லி வளர்ந்தவன் அவன். நான் உதைபந்தாட்டக்காரன். அந்தப் பதிலை ஒரு காலையில் பறித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? இங்கிலாந்தின் டீசைட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழகங்களிலிருந்து அனுப்பப்பட்ட பதின்ம வயதினரைப் பின்தொடர்ந்தபோது, மூன்று வாரம் கடந்த பின்னும் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் வைத்தியக் கவனிப்புத் தேவைப்படும் அளவுக்கு மன உளைச்சல் இருப்பதைக் கண்டார்கள். 2020 ஒக்டோபரில், மான்செஸ்டர் சிட்டியின் இளையோர் பிரிவிலிருந்து கழற்றிவிடப்பட்ட 18 வயது இளைஞர் ஒருவர் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். அந்த மரணத்துக்குப் பிறகுதான் 'அனுப்பிய பின் என்ன?' என்ற கேள்வி அங்கே உரத்துக் கேட்கப்பட்டது. 2022 இல் கிரிஸ்டல் பேலஸ் கழகம், தான் அனுப்பும் இளைஞர்களுக்கு மூன்று வருடம் தொடர்ந்து உதவும் திட்டம் ஒன்றை அறிவித்தது.

நானா வந்த முதல் மூன்று வாரத்தை நினைத்துப் பார்க்கிறேன். அறைக் கதவு மூடியே இருந்தது. பகலில் தூக்கம், இரவில் கைத்தொலைபேசி வெளிச்சம். பெருநாளைக்கு வந்த மாமா ஒருவர், 'இப்ப எந்த டீமுக்கு மகன் விளையாடுறீங்க?' என்று சிரித்த முகத்தோடு கேட்டார். கெட்ட எண்ணம் இல்லை, அவருக்குத் தெரியாது. நானா எழுந்து கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். அதன் பிறகு யார் வந்தாலும் உம்மா வாசலிலேயே வேறு கதை எடுத்துவிடுவார். உளவளத்துணை என்றெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் பேச ஆள் இருக்கிறார் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். தெரிந்து வைத்திருங்கள். பரீட்சையில் தவறிய பிள்ளைக்கும் அது உதவும்.

திரும்பவும் இங்கிலாந்துக்கு வருகிறேன். அங்கே பயிற்சி பெறும் 16 முதல் 18 வயது வரையானவர்களுக்குப் பந்தோடு படிப்பும் கட்டாயம். கீழ்நிலைப் பிரிவுக் கழகங்களின் பயிலுநர்களுடைய படிப்பைக் கவனிக்கவென்றே, கழகங்களின் லீக்கும் தொழில்முறை வீரர் சங்கமும் சேர்ந்து 2004 இல் தனி அமைப்பொன்றை உருவாக்கின. ஒப்பந்தம் கிடைக்காத பையன்களை ஒன்றுசேர்த்து அது வருடந்தோறும் போட்டிகள் நடத்துகிறது. மற்றக் கழகங்களின் ஆட்களும் பல்கலைக்கழகங்களின் ஆட்களும் வந்து பார்த்து, தங்களுக்குப் பொருத்தமானவரை அழைத்துப் போகலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விளையாட்டுப் புலமைப்பரிசிலில் போகிறவர்களும் இருக்கிறார்கள். 1907 இல் தொடங்கிய வீரர் சங்கம், பழைய உறுப்பினர்களின் படிப்புச் செலவுக்கும் கைகொடுக்கிறது. அப்படியும் பெரும்பாலானவர்கள் தொழில்முறை வீரர்களாக ஆவதில்லை என்பதே உண்மை. அவர்கள் மின்னியலாளர், ஆசிரியர், உடற்பயிற்சியாளர், கடைக்காரர் என்று ஆகிறார்கள். வாரக் கடைசியில் ஊர்க் கழகத்துக்கு ஆடுகிறார்கள். அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனமில்லை.

இந்த இடத்தில் எல்லோரும் ஜேமி வார்டியின் கதையைச் சொல்வார்கள். 16 வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கழகம் அவரை உருவத்தில் சிறியவர் என்று அனுப்பிவிட்டது. பிறகு ஸ்டொக்ஸ்பிரிஜ் என்ற சிறு கழகத்தில் வாரம் 30 பவுணுக்கு விளையாடினார். பகலில், எலும்பு முறிந்தவர்களுக்கான மருத்துவத் தாங்கிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. 2012 இல் லெஸ்டர் சிட்டி அவரைப் பத்து இலட்சம் பவுணுக்கு வாங்கியது. 2016 இல் அந்த அணி பிரீமியர் லீக்கை வென்றது. அருமையான கதைதான். ஆனால் கழற்றிவிடப்பட்ட பையனிடம் அதை மறுநாளே சொல்லாதீர்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு நடந்ததை ஆறுதலாகச் சொன்னால், மிச்சம் 999 பேரும் இரண்டாவது தடவையும் தோற்றதாக நினைப்பார்கள். நானாவுக்கு அந்தக் கதையை எத்தனை பேர் சொன்னார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது அதே லெஸ்டர் அணியில் ஆடிய என்கோலோ கான்டேயின் கதை. மாலி நாட்டுப் பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்தவர். உயரம் குறைவு என்று பெரிய கழகங்களின் இளையோர் பிரிவுகள் அவரை எடுக்கவில்லை. சுரேன் என்ற புறநகர்க் கழகத்திலேயே வளர்ந்தார். உதைபந்தாட்டம் சரிவராவிட்டால் என்ன செய்வது என்ற யோசனையோடு கணக்கியலும் படித்தார். பிறகு பூலோன், கான் என்று படிப்படியாக வந்து, 2015 இல் லெஸ்டர், 2016 இல் செல்சி, 2018 இல் பிரான்ஸ் அணியில் உலகக் கிண்ணம். இவ்வளவு உயரத்துக்குப் போகிறவரே கணக்கியல் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார் என்றால் நம் பிள்ளைகள் ஏன் புத்தகத்தை மூடவேண்டும்?

இந்திய வம்சாவளியைச் சேர்ந்த யான் தண்டாவுக்கு இது இரண்டு தடவை நடந்தது. 2013 இல் லிவர்பூலுக்குப் போனார், 2018 இல் அங்கிருந்து வெளியேறி வேல்ஸின் ஸ்வான்சிக்குச் சென்றார், 2022 இல் அங்கும் முடிந்தது. ஸ்கொட்லாந்தில் ரொஸ் கவுன்டி என்ற சிறிய கழகத்தில் தொடர்ந்து ஆடி, 2024 இல் எடின்பரோவின் ஹார்ட்ஸ் கழகத்துக்குப் போனார். அவருடைய பெயர் உலகக் கிண்ணத்தில் வரவில்லை. ஆனால் பிடித்த தொழிலைச் செய்து வாழ்கிறார். நம் பையன்களுக்கு முன்னால் வைக்கவேண்டிய அளவுகோல் இதுதான் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டு அணியிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஜேர்மனியில் வளர்ந்த வசீம் ராசிக் அங்குள்ள முதல்நிலைப் பிரிவுக்கு எட்டவில்லை. கீழ்ப் பிரிவுக் கழகங்களில் ஆடிக்கொண்டிருந்தவர் இலங்கைக்காக ஆட முன்வந்தார். 2021 நவம்பரில் கொழும்பில் நடந்த நான்கு நாடுகள் சுற்றில் மாலைதீவுக்கு எதிராக அவர் நான்கு கோல் போட்டதை வாப்பா இன்றும் சொல்வார். இலங்கை இறுதிப் போட்டிவரை வந்து, சீஷெல்ஸிடம் பெனால்டி உதையில் தோற்றது.

இப்போது ஊவாவுக்கு வருவோம். பதுளையிலிருந்து கொழும்புக்குப் புகையிரதப் பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர். போக ஏறத்தாழ பத்து மணித்தியாலம். நாட்டின் பெயர்பெற்ற கழகங்கள் பெரும்பாலும் கொழும்பிலும் அதைச் சுற்றியுமே இருக்கின்றன. 2021 இல் முதன்முதலாகத் தொழில்முறையில் 'சுப்பர் லீக்' தொடங்கியபோது அதில் பத்துக் கழகங்கள். மலைநாட்டுப் பெயரோடு வந்தது நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ். ஊவாவிலிருந்து ஒன்றும் இல்லை. கொரோனாவால் இடையில் நின்று, பிறகு நடந்து, களுத்துறையின் புளூ ஸ்டார் கிண்ணத்தை எடுத்தது. 2023 ஜனவரியில் வெளியார் தலையீடு என்ற காரணத்தால் பீபா இலங்கையை இடைநிறுத்தி, ஆகஸ்ட் இறுதியில்தான் தடையை நீக்கியது. இப்படி லீக்கே ஆடிக்கொண்டிருக்கும் நாட்டில் ஒரு பதினேழு வயதுப் பையனுடைய ஒப்பந்தம் எவ்வளவு உறுதியாக இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இங்கே உதைபந்தாட்டத்தால் நிலையான சம்பளம் பெறுகிறவர்களில் பலர் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு விளையாட்டோடு வேலையும் உண்டு. ஆட்டம் முடிந்தாலும் வேலை இருக்கும். மற்றவர்களில் திறமையானவர்கள் மாலைதீவுக் கழகங்களுக்குப் போகிறார்கள். எந்த வழியானாலும் முதலில் கேட்பது சாதாரணதரப் பெறுபேற்றைத்தான். நானா கணிதத்தை விட்டுவிட்டுப் போனதன் விலை அங்கேதான் தெரிந்தது. கழகம் கழற்றி விட்டது ஓர் அடி. ஆனால் இரண்டாவது அடி நாங்களே கொடுத்தது. பரீட்சையைத் தள்ளிப்போடச் சொன்னது கழகம் அல்ல, எங்கள் வீடு.

மகனைக் கழகத்துக்கு அனுப்பும் பெற்றோர் சில விடயங்களைத் தயங்காமல் கேட்கவேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் உண்டா, எத்தனை வருடம், காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, தங்குமிடத்தில் பொறுப்பானவர் யார், பரீட்சைக் காலத்தில் விடுமுறை தருவார்களா? கழகத்தை விட்டு வரும்போது இன்னொரு கழகத்தில் பதிவுசெய்யத் தேவையான விலகல் கடிதத்தைக் கையோடு வாங்கிக்கொள்வது நல்லது. நானா அதற்காக மட்டும் மூன்று தடவை கொழும்புக்குப் போனார்.

பீபாவின் விதிகளில் இரண்டைப் பெற்றோர் மனதில் வைத்திருக்கவேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை மூன்று வருடத்துக்கு மேற்பட்ட தொழில்முறை ஒப்பந்தத்தில் கட்டிப்போட முடியாது. அதேபோல, சில விதிவிலக்குகள் தவிர, 18 வயது ஆகுமுன் ஒரு வீரரை ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்ற முடியாது. ஆகவே 16 வயது மகனைக் கட்டார் கழகத்தில் சேர்த்து விடுகிறேன், முற்பணம் தாருங்கள் என்று ஒருவர் லயத்து வாசலில் வந்து நின்றால், அவரிடம் பீபா வழங்கிய முகவர் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியோடு ஆள் போய்விடுவார்.

படிப்பின் பக்கம் நம் நாட்டிலும் சில கதவுகள் உண்டு; யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் குறை. உயர்தரத்தில் தகுதி பெற்று, விளையாட்டில் தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு இருக்கிறது. நமக்கு அருகிலேயே, பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் பட்டப்படிப்பாக உண்டு. கல்வியியற் கல்லூரிகளில் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி இருக்கிறது. சாதாரணதரத்தில் தவறியவர்களும் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் கீழ் 12 ஆம் தரத்தில் தொழில்சார் பாடங்களைத் தொடரலாம். நடுவர் பரீட்சைகளும், ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுநர் சான்றிதழ்களும் தனி. இவை பெண்பிள்ளைகளுக்கும் பொதுவானவை. ஆப்கானிஸ்தானில் தந்தையை இழந்து அகதியாக டென்மார்க் போன நாதியா நதீம், அந்த நாட்டு அணிக்கும் பாரிஸ் கழகத்துக்கும் ஆடிக்கொண்டே படித்து 2022 இல் வைத்தியரானார். எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது, 'அவ எப்ப நித்திரை கொண்டிருப்பா?' என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி.

நானா வந்து நான்காம் மாதம், தனியார் பரீட்சார்த்தியாகக் கணிதம் எழுத விண்ணப்பித்தோம். ரியூஷனுக்குப் போக அவருக்கு வெட்கம். தன்னைவிட நான்கு வயது குறைந்தவர்களோடு ஒரே வாங்கில் இருக்கவேண்டுமே. அதனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சொல்லிக்கொடுத்தேன். ஒருங்கமை சமன்பாடு வந்தால் அவருக்குக் கோபம் வரும், கேத்திரகணிதம் வந்தால் நானே வியக்கும்படி செய்வார். கோணங்களை அவர் மைதானத்தில் கண்ணால் அளந்து பழகியிருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. பதிலுக்கு எனக்கு ஓஃப்சைட் விதியை உப்பு, மிளகுக் குப்பிகளை வைத்து விளக்கினார். இன்னமும் அது எனக்கு அரைகுறைதான்.

பெறுபேறு வந்தது. கணிதத்தில் 'சி'. உம்மா அந்தத் தாளை நானாவின் பழைய சப்பாத்துப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். நானா இப்போது டவுனில் ஒரு கடையில் வேலை செய்கிறார். ஞாயிறு காலையில் பசறைக்கு பஸ் ஏறி, கூட்டாளியோடு சேர்ந்து அதே தோட்ட மைதானத்தில் சின்னப் பையன்களுக்குப் பந்து பழக்குகிறார். கூட்டாளி இரண்டாம் சுற்றுக்குப் போகாததைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதாக நான் கேட்டதில்லை. பயிற்றுநருக்கான ஆரம்பச் சான்றிதழ் வகுப்பு ஊவாவில் எப்போது நடக்கும் என்று கேட்டு இரண்டு பேரும் சேர்ந்து கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. கூட்டாளிக்குச் சாதாரணதரத்தில் கணிதம் இருக்கிறது, ஆங்கிலம் இல்லையாம். அடுத்த மாதத்திலிருந்து எங்கள் வீட்டு மேசையில் இன்னொரு கதிரை போடவேண்டும்.